வண்டி ஃபாரின்... எண்ணெய் எந்த ஊர்?

டிசம்பர் பிறந்துவிட்டால் அருமனைக்குத் தனிக் களை வந்துவிடும். கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பேர் போன ஊர். வீட்டுக்கு வீடு ஸ்டார், தெருவுக்குத் தெரு குடில். துபாயிலும் மஸ்கட்டிலும் குவைத்திலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, களியக்காவிளை தாண்டி வீடு வந்து சேருவார்கள். வந்த மறுநாள் முதல் காரியம்? ஷெட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஆறேழு மாதமாகத் தூங்குகிற அந்த ஃபாரின் வண்டியை எழுப்புவது!

எழுப்பும்போது ஷெட்டைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். அங்கே நடக்கிற விவாதத்தை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம்.

"மக்களே, இதுக்கு நல்ல கட்டி ஆயிலு விடணும் கேட்டியா. தண்ணி மாதிரி இருக்கியதை விட்டா எஞ்சின் சீஸ் ஆயிரும்!" இது சித்தப்பா.

"அதொண்ணும் இல்ல மாமா. ஜெர்மன்காரன் வண்டில்லா... ஜெர்மன் ஆயிலுதான் விடணும்." இது மச்சான்.

"எனக்க லாரிக்கு வாங்கின ஆயிலு பாதி கேன் மிச்சம் கிடக்குது. எல்லாம் ஒண்ணுதான்." இது பக்கத்து வீட்டு அண்ணன்.

"வண்டி ஓடவே இல்லியே... பின்ன என்னத்துக்கு ஆயிலு மாத்தணும்?" இது அப்பா. (காசு அனுப்பியது பிள்ளை, கவலை அப்பாவுக்கு.)

நாலு பேரில் மூன்று பேர் சொன்னது தப்பு. ஒருவர் சொன்னது பாதி சரி. யார் என்று கட்டுரை முடிவதற்குள் நீங்களே கண்டுபிடித்து விடுவீர்கள்.

முதலில் ஒரு விஷயம். 'ஃபாரின் வண்டி' என்று நாம் சொல்வது, அங்கே கல்ஃபில் ஓட்டிய அதே வண்டியை அல்ல. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். இங்கே இறக்குமதி செய்து பதிவு பண்ண வேண்டுமென்றால் ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். பழைய வண்டி என்றால் மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. கேரளத்து ரோடுகளில் அரபி எழுத்து நம்பர் பிளேட்டோடு பறக்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை 'கார்னெட்' என்ற தற்காலிக அனுமதியில் வந்த விருந்தாளிகள். விசா முடிந்தால் கப்பல் ஏறிவிட வேண்டும். நம் ஷெட்டில் நிற்பது, முழுசாக இறக்குமதியானதோ, உதிரிகளாக வந்து இங்கே பூட்டப்பட்டதோதான். பி.எம்.டபிள்யூ. 2007-லிருந்து சென்னைக்குப் பக்கத்திலேயே வண்டி பூட்டுகிறது. எங்கே பூட்டினால் என்ன, எஞ்சின் வரைந்தவன் ஜெர்மனியில்தான் இருக்கிறான். எண்ணெய் விஷயத்தில் அவன் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

சரி, சித்தப்பாவின் 'கட்டி ஆயில்' கட்சிக்கு வருவோம்.

எண்ணெய் டப்பாவில் 5டபிள்யூ-30 என்றோ 0டபிள்யூ-20 என்றோ போட்டிருக்கும். டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். முன்னால் இருக்கிற நம்பர் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகியிருக்கும் என்பதற்கு. மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டியிருக்கிறீர்களா? இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே போனால் அது உறைய ஆரம்பிக்கும். நல்லெண்ணெய் அப்படியே ஓடும். அந்த வித்தியாசம்தான் இந்த நம்பர். எஞ்சின் எண்ணெய்க்குத் தேர்வு வைக்கிற குளிர் மட்டும் நாம் கனவிலும் பார்க்காதது. 20டபிள்யூ எண்ணெயை மைனஸ் 15 டிகிரியில் சோதிப்பார்கள். 5டபிள்யூ-வுக்கு மைனஸ் 30, 0டபிள்யூ-வுக்கு மைனஸ் 35!

"அருமனையில ஏது சார் மைனஸ் 35?" என்று கேட்பீர்கள். நியாயம். பேச்சிப்பாறை அணைப் பக்கம் பனி இறங்கினால்கூட ஒரு மஃப்ளர் போதும். ஆனாலும் அந்த நம்பருக்கு இங்கே வேலை உண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எண்ணெயெல்லாம் வடிந்து அடிச் சட்டியில் கிடக்கும். சாவியைத் திருப்பிய முதல் சில விநாடிகள் மேலே இருக்கிற பாகங்களுக்குப் புது எண்ணெய் வந்து சேராத நேரம். இளகிய எண்ணெய் சீக்கிரம் ஏறும், கட்டி எண்ணெய் மெதுவாக ஏறும். அவ்வளவுதான்.

பின்னால் இருக்கிற நம்பர் சூட்டுக்கு. எஞ்சின் கொதித்து எண்ணெய் 100 டிகிரியைத் தொடும்போது எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று அளப்பார்கள். 20, 30, 40, 50 என்று ஏற ஏறக் கெட்டி. '40 என்றால் 40 டிகிரி சூட்டுக்கு' என்று சில கடைகளில் விளக்கம் தருகிறார்கள். நம்பாதீர்கள். அது டிகிரியும் அல்ல, மார்க்கும் அல்ல. வகுப்பு எண் மாதிரி, அவ்வளவே.

'அப்போ சூடான ஊருக்குக் கட்டி எண்ணெய்தானே நல்லது?' பழைய எஞ்சினுக்கு ஆமாம். சுதந்திரம் வந்த காலத்தில் பம்பாயில் உதிரிகளாக இறக்கிப் பூட்டினார்களே வில்லிஸ் ஜீப், அதன் வாரிசுகள் நம் ரப்பர் தோட்டங்களில் ஷீட்டும் ஒட்டுபாலும் சுமந்து ஓடாத மேடு பள்ளம் இல்லை. அந்த எஞ்சின்களில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இடைவெளி தாராளம். கட்டி எண்ணெய் அங்கே மெத்தை போல நின்று தாங்கும். அந்த ஜீப்போடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய ஒர்க்‌ஷாப் ஆசான் '20டபிள்யூ-40 விடு' என்று சொன்னால், அவர் தன் அனுபவத்தில் கண்டதைத்தான் சொல்கிறார். அவரைக் கேலி செய்ய வேண்டாம். அவருடைய ஜீப்புக்கு 0டபிள்யூ-20 விட்டால் அதுதான் கேலிக்கூத்து.

ஆனால் இன்றைய எஞ்சினில் இடைவெளி மயிரிழை. போதாக்குறைக்கு வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு முன்னால் திறக்க வேண்டும் என்பதையெல்லாம் எண்ணெயின் அழுத்தத்தை வைத்தே கம்ப்யூட்டர் நடத்துகிறது. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது இந்த எண்ணெய்ப் படலத்தின் மேல்தான். அந்தச் சின்னச் சின்ன வழிகளில் கட்டி எண்ணெயைத் தள்ளுவது, மார்த்தாண்டம் சந்தை நாளில் டேங்கர் லாரியைத் தெருவுக்குள் விடுவது மாதிரி. போகும்... ஆனால் எப்போது போய்ச் சேரும்?

அதற்காக 'எவ்வளவு இளகியதோ அவ்வளவு நல்லது' என்றும் கிளம்பிவிடக் கூடாது. இங்கேதான் ஒரு வேடிக்கை. ஒரே எஞ்சின். அமெரிக்காவில் விற்கிற வண்டியின் புத்தகத்தில் 0டபிள்யூ-20 மட்டும் போட்டிருக்கும். அதே எஞ்சினோடு வேறு நாட்டுக்குப் போகிற வண்டியின் புத்தகத்தில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்று வெயிலுக்குத் தக்கபடி பட்டை பட்டையாகப் படம் போட்டிருக்கும். எஞ்சின் மாறவில்லை, சட்டம் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் கம்பெனி விற்கும் வண்டிகள் சராசரியாக இத்தனை மைலேஜ் தந்தே ஆக வேண்டும் என்று அரசாங்கக் கணக்கு. இளகிய எண்ணெய் சொட்டு சொட்டாக மைலேஜைக் கூட்டிக் கொடுக்கும். எனவே யாராவது மச்சான் கலிஃபோர்னியாவிலிருந்து வாட்ஸ் அப்பில் அனுப்பும் அறிவுரையைப் படித்து ரசியுங்கள். எண்ணெயை மட்டும் உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து விடுங்கள்.

புத்தகம் புரியாத பாஷையில் இருந்தால்? யாழ்ப்பாணத்துக்காரர்களைக் கேளுங்கள். இலங்கையில் ஓடும் கார்களில் ஏராளமானவை ஜப்பானில் யாரோ ஓட்டி, கப்பலில் வந்து, 'ரீகண்டிஷன்' என்ற பெயரோடு இறங்கியவை. 2020-ல் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025-ல் மறுபடி திறந்தார்கள். இந்த வண்டிகளின் புத்தகம் முழுக்க ஜப்பானிய எழுத்து! ஆனால் நம்பர் எல்லா பாஷைக்கும் பொது. எண்ணெய் என்று தோன்றுகிற பக்கத்தில் 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 என்று தேடினால் கிடைத்துவிடும். எண்ணெய் ஊற்றுகிற மூடியிலேயே சில கம்பெனிகள் அச்சடித்தும் வைத்திருக்கின்றன. மூடியைக் கழற்றுகிறவர் அதைப் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது மச்சான். 'ஜெர்மன் ஆயில்தான் விடணும்.' எண்ணெய்க்குப் பாஸ்போர்ட் கிடையாது. மும்பையில் கலந்து டப்பாவில் அடைத்த எண்ணெயும் ஜெர்மன் கம்பெனியின் அங்கீகாரம் வாங்கியிருக்கலாம். ஜெர்மனியிலிருந்தே வந்த டப்பா உங்கள் வண்டிக்குச் சம்பந்தமே இல்லாததாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியது டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற அங்கீகார எண். பென்ஸ் என்றால் 229.5, 229.51 என்று வரும். வோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி என்றால் 504 00, 507 00 போல. பி.எம்.டபிள்யூ. என்றால் லாங்லைஃப்-01, லாங்லைஃப்-04 என்று. உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறதோ அது டப்பாவில் இருக்க வேண்டும்.

அதிலும் ஒரு சூட்சுமம். 'அப்ரூவ்ட்' என்று போட்டிருந்தால் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது என்று பொருள். 'சூட்டபிள் ஃபார்', 'மீட்ஸ்' என்று போட்டிருந்தால் எண்ணெய் விற்கிறவர் தாமே கொடுத்துக்கொண்ட சர்டிபிகேட். மாப்பிள்ளை நல்லவர் என்று ஊர் சொல்வதற்கும் மாப்பிள்ளையே சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்! ஆக, பாதி சரி என்றது மச்சானைத்தான். ஜெர்மன் எண்ணெய் வேண்டாம், ஜெர்மன்காரனின் கையெழுத்து வேண்டும்.

இரண்டு டப்பாவிலும் 5டபிள்யூ-30 என்றே இருந்தாலும் இரண்டும் ஒன்றில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 150 டிகிரி சூட்டில் எண்ணெயை நசுக்கிப் பார்க்கிற ஒரு சோதனை உண்டு. 30-க்கு 2.9 மார்க் எடுத்தால் பாஸ். ஐரோப்பியத் தரப் பட்டியலில் சி-3 என்ற வகைக்கு 3.5 எடுத்தாக வேண்டும். ஜப்பானிய வண்டிக்கென்று வந்த 5டபிள்யூ-30-ஐ ஜெர்மன் டர்போவில் விட்டால், நம்பர் பொருந்தும், தாங்கும் சக்தி பொருந்தாது.

லாரி அண்ணன் கோபித்துக்கொள்வதற்குள் அவர் கேனுக்கு வருவோம். டப்பாவில் ஏ.பி.ஐ. என்று அமெரிக்க பெட்ரோலிய சங்கத்தின் தர எழுத்து இருக்கும். எஸ் என்று ஆரம்பித்தால் பெட்ரோல், சி என்று ஆரம்பித்தால் டீசல். பெட்ரோலில் எஸ்.ஏ.-வில் ஆரம்பித்து அகரவரிசையாக ஏறி, 2020-ல் எஸ்.பி., 2025-ல் எஸ்.க்யூ. வரை வந்திருக்கிறார்கள். எஸ்.பி. எதற்கு வந்தது தெரியுமா? சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்களில், மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாக வெடித்து பிஸ்டனையே உடைக்கும் ஒரு நோய் கண்டது. காரணங்களில் ஒன்று எண்ணெயில் சேர்க்கிற கால்சிய மருந்து! பக்குவத்தை மாற்றினார்கள். லாரி எண்ணெயில் அழுக்கு கழுவும் மருந்து தாராளமாக இருக்கும். லாரிக்கு அது வேண்டும், உங்கள் டர்போ பெட்ரோல் காருக்கு அது வினை.

டீசல் கார் என்றாலும் தப்பவில்லை. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒன்று இருக்கிறது. கரி எரிந்துவிடும். எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே படிந்து அடைக்கும். எனவேதான் சாம்பல் குறைந்த எண்ணெய் கேட்கிறார்கள். வடிகட்டி மாற்ற ஆகும் செலவில் பல வருஷத்து எண்ணெய் வாங்கிவிடலாம்.

பைக்காரர்களுக்கு ஒரே வரி. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் அதே எண்ணெயில்தான் ஊறிக் கிடக்கிறது. கார் எண்ணெயை விட்டால் வழுக்கும். டப்பாவில் 'ஜாஸோ எம்.ஏ.' இருக்கிறதா என்று பாருங்கள்.

(எண்ணெய் என்றால் மண்ணிலிருந்து வருவதுதான் என்று நினைக்காதீர்கள். முதல் உலகப் போரில் பல விமான எஞ்சின்கள் நம் ஆமணக்கெண்ணெயில்தான் பறந்தன. 1909-ல் வந்த காஸ்ட்ரால் என்ற பெயரே 'காஸ்டர்' என்ற ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். இனி யாராவது உங்களை 'விளக்கெண்ணெய்' என்று திட்டினால் பெருமையாக எடுத்துக்கொள்ளலாம்.)

கடைசியாக அப்பா. உண்மையில் இவர்தான் முக்கியமான ஆள். ஏனென்றால் வருஷத்தில் பதினொரு மாதம் வண்டி இவர் பொறுப்பில். கல்ஃபிலிருந்து பிள்ளை போனில் சொல்லியிருப்பான்: "அப்பா, ஞாயித்துக்கிழமை ஒரு அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துங்க. பேட்டரி இறங்காம இருக்கும்." அப்பாவும் கோயில் முடிந்து வந்து, பய பக்தியோடு அஞ்சு நிமிசம் உறும விட்டு நிறுத்துவார். அந்த ஐந்து நிமிடம்தான் எஞ்சினுக்கு எமன்!

கணக்கைக் கேளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியவில்லையா? ரசாயனம் படித்த பிள்ளையைக் கேளுங்கள். பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக நழுவிக் கீழே எண்ணெயில் சேரும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் எண்ணெய் எங்கே சூடாவது? தண்ணீர் அங்கேயே தங்கும். கூடவே சரியாக எரியாத பெட்ரோலும் தங்கும். இப்படி ஒரு வருஷத்துக்கு ஐம்பது ஞாயிற்றுக்கிழமை! ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே மோரைக் கடைந்தது போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அதுதான் இது. வெள்ளையைப் பார்த்ததும் 'ஹெட் கேஸ்கட் போச்சு' என்று யாராவது எஞ்சினைப் பிரிக்கக் கிளம்பினால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கூலண்ட் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

நம்ம ஊர் வேறு, ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவத்திலும் நனைகிற பூமி. போதாததற்கு இப்போது பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது.

எனவே அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது: ஸ்டார்ட் செய்தால் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள். பேட்டரிதான் கவலை என்றால் வீட்டு கரண்டில் மாட்டுகிற சின்ன சார்ஜர் கிடைக்கிறது. ஓட்டுவதென்றால் ஜங்ஷன் வரை போய்ப் பேப்பர் வாங்கி வருவதல்ல. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மார்த்தாண்டம், தக்கலை தாண்டி நாகர்கோவில் வரை ஒரு ஓட்டம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் வீட்டிலும் எண்ணெய் போட்ட மாதிரி.

அடுத்தது, நான் அடித்துச் சொல்கிற விஷயம். எல்லோரும் ஊருக்கு வந்ததும் எண்ணெய் மாற்றுகிறார்கள். திரும்பிப் போகும்போது, ஒரு மாதம் கல்யாணம், கிறிஸ்துமஸ், திற்பரப்பு அருவி என்று விரட்டிய வண்டியை அப்படியே தார்ப்பாய் போர்த்தி விட்டுப் போகிறார்கள். ஓடிய எண்ணெயில் அமிலம் இருக்கும். அது பதினொரு மாதமும் பேரிங்கைத் தடவிக்கொண்டே இருக்கும். மாற்றிச் செய்யுங்கள். ஜனவரியில் விமானம் ஏறுவதற்கு முதல் வாரம் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, ஒரு அரை மணி ஓட்டி, பிறகு நிறுத்துங்கள். சுத்தமான எண்ணெய் பூசிய எஞ்சின் நிம்மதியாகத் தூங்கும். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை இது உண்டு. ஐரோப்பாவில் 30,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றினால் போதும் என்கிறார்களே என்றால், அது நீண்ட ஹைவேயில் தினமும் சூடாகி ஓடுகிற வண்டிக்கு.

எண்ணெய் அளவு பார்க்கும்போதும் ஒரு கூத்து உண்டு. சில பி.எம்.டபிள்யூ.க்களில் அளக்கிற கம்பியே கிடையாது! ஆசான் பானெட்டுக்குள் தலையை விட்டுக் கால் மணி நேரம் தேடிவிட்டு, "யாரோ களவாண்டுட்டான்" என்று சொன்னால் போலீசுக்குப் போகாதீர்கள். உள்ளே திரையில் காட்டும். கம்பி இருக்கிற டீசல் வண்டிகளில் இதற்கு நேர்மாறான அதிசயம்: எண்ணெய் அளவு கூடிக்கொண்டே வரும். 'பாருங்க, நம்ம வண்டி எண்ணெய் குடிக்கவே இல்ல' என்று சந்தோஷப்பட வேண்டாம். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க அதிகப்படி டீசல் பீய்ச்சும். குட்டிக் குட்டிப் பயணத்தில் அது எரியாமல் எண்ணெயில் இறங்கிவிடும். மேல்கோட்டைத் தாண்டினால் உடனே மாற்றியாக வேண்டும்.

நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். டீசல் எஞ்சினில் விட்ட எண்ணெய் சில நாளிலேயே கறுத்துவிடும். அழுக்கைத் தன்னோடு சுமக்கிறது என்று அர்த்தம். போலிச் சரக்குக்குப் பயந்தால், சீல் உடைக்காத டப்பாவை நீங்களே வாங்கிக்கொண்டு போய், ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். காலி டப்பாவையும் கேட்டு வாங்கி ஓட்டை போட்டுவிடுங்கள். போலி வியாபாரம் நடப்பதே நல்ல காலி டப்பாக்களை வைத்துத்தான். எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், எந்த கிரேடு, எந்த அங்கீகார எண் என்று ஒரு அட்டையில் எழுதி பானெட்டுக்குள் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த டிசம்பரில் கூடும் கூட்டத்துக்கு விவாதிக்க வேறு விஷயம் கிடைக்கட்டும்.

வடித்த பழைய எண்ணெயை என்ன செய்வது? ஒர்க்‌ஷாப்பிலேயே விடுங்கள், மறுசுத்திகரிப்புக்கு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் மாற்றினால் பழைய கேனில் ஊற்றி அங்கே கொண்டு கொடுங்கள். ரப்பர் தோட்டத்து ஓடையில் கவிழ்த்துவிட வேண்டாம். அந்த ஓடை கோதையாற்றில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணம் போய்த்தான் கடலில் விழுகிறது. நடுவில் எத்தனை பேர் குளிக்கிறார்கள்!